படைப்பிரிவுச் சின்னங்களில் நடக்கும் ஹெரால்ட்ரி தவறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோள் பேட்ச், ரெஜிமென்ட் கேடயம், விமானப்படை ஸ்குவாட்ரன் சின்னம் ஆகியவற்றை வரைய உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய நாடுகளின் படைகளிலிருந்து வருகின்றன. ஐரோப்பாவில் பிறந்த ஹெரால்ட்ரி என்ற மரபுச் சின்னக் கலையின் விதிகளை இந்த மூன்று நாட்டுப் படைகளும் ஏதோ ஓர் அளவில் பின்பற்றுகின்றன. சில விதிகளைத் தெரிந்தே மீறியும் இருக்கின்றன.

ஒரு துணி பேட்ச்சுக்கு இத்தனை விதி எதற்கு?

பேட்ச் எதற்காக வந்தது என்று பார்த்தால் புரிந்துவிடும். அமெரிக்கத் தரைப்படையில் முதல் தோள் பேட்ச், 81ஆவது டிவிஷனின் காட்டுப்பூனை. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன அந்த டிவிஷன்காரர்கள் ஒரு கறுப்புப் பூனையைத் தோளில் தைத்துக்கொண்டார்கள். மற்ற பிரிவினர் ஆட்சேபித்தார்கள். விஷயம் ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி பெர்ஷிங்கின் தலைமையகம் வரை போனது. அங்கே தடை வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: 1918 அக்டோபரில் அந்தப் பேட்ச்சுக்கு ஒப்புதல் கிடைத்தது, மற்ற டிவிஷன்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. சண்டைக்குப் பிறகு சிதறிக் கிடக்கும் ஆட்களைச் சட்டென்று பிரித்தறிந்து ஒன்றுசேர்க்க அது உதவும் என்பது காரணம்.

ஆக, தூரத்திலிருந்து பார்த்து ‘இவன் நம்மாள்’ என்று தெரிய வேண்டும். மத்திய கால ஐரோப்பாவில் தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்த வீரனின் கேடயத்துக்கும் இதே வேலைதான். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேலையை மறந்து, சின்னத்தை ஒரு சுயவிவரக் குறிப்பாக மாற்றப் பார்ப்பதால் வருபவை.

அமெரிக்காவில் இதைக் கவனிக்க 1919லேயே போர்த்துறையில் ஓர் அலுவலகம் உண்டானது. 1960 முதல் அது ‘ஹெரால்ட்ரி நிறுவனம்’ என்ற பெயரில் இயங்குகிறது. வர்ஜீனியாவில் ஃபோர்ட் பெல்வாரில் இருக்கிறது.

அதிகமாக நடக்கும் தவறு எது?

எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் திணிப்பது. கழுகு, வாள், மின்னல், உலக உருண்டை, மலை, ஐந்து நட்சத்திரம், பின்னணியில் கொடி, சுற்றிலும் எழுத்து. கமிட்டி போட்டு வரைந்தால் இதுதான் வரும். ஒவ்வொரு அதிகாரியும் ஓர் உருவத்தைச் சேர்க்கச் சொல்வார், எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

இதற்கு ஹெரால்ட்ரியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. மரபுப்படி ஒரு சின்னத்துக்கு மூல ஆவணம் படம் கிடையாது, அதைச் சொற்களால் விவரிக்கும் ‘பிளேசன்’ என்ற வர்ணனைதான். அந்த வர்ணனையைப் படித்து எந்த ஓவியர் வரைந்தாலும் அதே சின்னம் வர வேண்டும். கோடுகளின் வளைவு ஆளுக்கு ஆள் மாறலாம். உங்கள் வடிவத்தை ஃபோனில் ஒருவரிடம் சொல்லி வரையச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் முடியவில்லை என்றால் உருவங்களைக் குறைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்வோம். 1943 மே மாதம் ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைத்த பிரிவு. அதன் சின்னம்: குறுக்கே ஒரு சுவர், அதைப் பிளக்கும் மூன்று மின்னல்கள், பிளவிலிருந்து கொட்டும் தண்ணீர். அவ்வளவுதான். குண்டும் இல்லை, விமானமும் இல்லை, ஜெர்மனி வரைபடமும் இல்லை. ஆனால் எண்பது ஆண்டு கழித்தும் அதைப் பார்த்தவுடன் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. நீலகிரியில் உள்ள வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் யானை. 1803இல் நடந்த அசாயே போருக்காக மெட்ராஸ் படைப்பிரிவுகளுக்குக் கிடைத்த கௌரவம் அது. போர்க்களக் காட்சியை யாரும் வரையவில்லை. ஒரு யானை நிற்கிறது, வரலாறு தெரிந்தவனுக்கு மிச்சம் தெரியும்.

இடது, வலது குழப்பம் என்கிறார்களே, அது என்ன?

ஹெரால்ட்ரியில் வலது, இடது எல்லாம் கேடயத்தைப் பிடித்திருப்பவனின் கணக்கு. ‘டெக்ஸ்டர்’ என்றால் அவனுடைய வலது. எதிரே நிற்கும் உங்களுக்கு அது இடது. ‘சினிஸ்டர்’ அதற்கு எதிர்ப்பக்கம். டெக்ஸ்டர் பக்கத்துக்கே மரியாதை அதிகம். எனவே சிங்கமோ கழுகோ குதிரையோ, வேறு காரணம் சொல்லப்படாவிட்டால் பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும்.

கணினியில் வரைபவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு, வலப்பக்கம் பாயும் புலிதான் ‘முன்னேறுவது’ போலத் தெரியும். அதனால் புலியைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தவறு வெள்ளை மாளிகையிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்க அதிபரின் சின்னத்தில் கழுகின் தலை நெடுங்காலமாகச் சினிஸ்டர் பக்கம், அதாவது அம்புகளைப் பிடித்த கால் பக்கம் திரும்பியிருந்தது. ராணுவத்தின் ஹெரால்ட்ரி பிரிவுத் தலைவராக இருந்த ஆர்தர் டுபாய், இப்படித் திரும்பியிருக்க எந்தக் காரணமும் பதிவாகவில்லை என்று எடுத்துக்காட்டினார். 1945 அக்டோபர் 25 அன்று அதிபர் ட்ரூமன் வெளியிட்ட ஆணையில் தலை டெக்ஸ்டர் பக்கம், ஒலிவக் கிளை இருக்கும் பக்கம் திருப்பப்பட்டது. போர் முடிந்த நேரம் என்பதால் ‘சமாதானத்தை நோக்கித் திரும்பிய கழுகு’ என்ற விளக்கம் பிரபலமாகிவிட்டது. போர் வந்தால் கழுகு மறுபடி தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

பேட்ச்சில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இடது தோளில் தைத்தால் டெக்ஸ்டர் நோக்கும் மிருகம் அணிந்தவன் நடக்கும் திசையையே பார்க்கும். அதே பேட்ச்சை வலது தோளில் தைத்தால் அது பின்னால் பார்க்கும். அமெரிக்க ராணுவத்தில் வலது தோளில் தேசியக் கொடி திருப்பி வைக்கப்படுவது இதனால்தான்: நட்சத்திரப் பகுதி எப்போதும் முன்பக்கம் இருக்க வேண்டும், கொடி முன்னேறிப் போகும்போது பறப்பது போல. உங்கள் சின்னம் இரண்டு தோளிலும் வரப்போகிறது என்றால் திருப்பித் தைப்பதா வேண்டாமா என்பதை வரையும்போதே முடிவு செய்துவிடுங்கள். தையலுக்குப் போன பிறகு வரும் சண்டை தாங்காது.

‘உலோகத்தின் மேல் உலோகம் கூடாது’ என்றால் என்ன?

ஹெரால்ட்ரி வண்ணங்களை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரிக்கிறது. பொன் (மஞ்சள்), வெள்ளி (வெள்ளை) இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை நிறங்கள். மென்மயிர்த் தோல் வகைகள் தனி. ராணுவப் பேட்ச்சில் அபூர்வம். விதி என்னவென்றால், உலோகத்தின் மேல் உலோகத்தையோ நிறத்தின் மேல் நிறத்தையோ வைக்கக் கூடாது. நீலத்தில் பொன் சிங்கம் சரி. நீலத்தில் கறுப்புச் சிங்கம் தவறு. மஞ்சளில் வெள்ளை நட்சத்திரமும் தவறு.

சாஸ்திரம் போலத் தெரிந்தாலும் இது வெறும் கண்ணியல். வெளிர் நிறம் மேல் அடர் நிறம், அடர் மேல் வெளிர். சாலைப் பலகைகளும் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

இந்த விதியைக் கவனித்தால் மட்டும் போதாது என்பதற்கு நல்ல உதாரணம் இந்தியக் கடற்படையின் கொடி. சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்த புனித ஜார்ஜ் சிலுவையை 2001 ஆகஸ்ட் 15 முதல் நீக்கிவிட்டு, வெள்ளைத் துணியில் கடற்படைச் சின்னத்தை நீலத்தில் போட்டார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. வெள்ளையில் நீலம், விதிப்படியும் குற்றமில்லை. ஆனால் கொடி பறக்கும் இடம் கடல். பின்னால் நீல வானம், கீழே நீலத் தண்ணீர். சின்னம் அதோடு கலந்துபோய்க் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. 2004இல் சிவப்புச் சிலுவை திரும்ப வந்தது, நடுவில் மஞ்சள் நிற அசோகச் சின்னத்தோடு. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்தபோது சிலுவை மறுபடி போய், சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோணம் வந்தது. இந்த முறை அடர்நீலத்தின் மேல் பொன். வண்ணங்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று மட்டும் பார்த்தால் போதாது, அவை எதன் முன்னால் நிற்கப்போகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டா? உண்டு. சிலுவைப் போர்க்கால ஜெருசலேம் அரசின் சின்னம் வெள்ளியின் மேல் பொன் சிலுவை. வேண்டுமென்றே மீறியது என்பார்கள். உங்களுடையது ஜெருசலேம் அரசாக இல்லாதபட்சத்தில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எந்தப் படைக்கு எந்த வண்ணம் என்று ஏதாவது கணக்கு உண்டா?

அமெரிக்கத் தரைப்படையில் உண்டு. குதிரைப்படைக்கு மஞ்சள், பீரங்கிப்படைக்குச் சிவப்பு, காலாட்படைக்கு வெளிர்நீலம், சிக்னலுக்கு ஆரஞ்சும் வெள்ளையும், மருத்துவப் பிரிவுக்கு அரக்குச் சிவப்பும் வெள்ளையும். கவச டிவிஷன்களின் முக்கோணப் பேட்ச்சைப் பார்த்தால் மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றும் இருக்கும்: குதிரைப்படை, காலாட்படை, பீரங்கிப்படை மூன்றின் வேலையும் கவசப்படையில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ‘பிடித்த நிறம்’ என்று எடுத்தால், சிக்னல் பிரிவுக்காரர் குதிரைப்படை வண்ணத்தோடு சுற்றுவார்.

இப்போதெல்லாம் களச் சீருடையில் பேட்ச் மங்கலாகத்தானே வருகிறது? வண்ண விதி எதற்கு?

அதனால்தான் இன்னும் முக்கியம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் பளிச்சென்ற பேட்ச்களை ஆலிவ் பச்சையில் கறுப்பு நூலால் தைக்கத் தொடங்கினார்கள்; எதிரிக்கு இலக்காகக் கூடாது என்பதற்காக. மங்கல் பதிப்பில் பல சின்னங்கள் வெறும் கறையாகிவிடும். வெளிர்–அடர் வேறுபாடு சரியாக இருக்கும் சின்னம் மட்டும் தப்பிக்கும். உங்கள் வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, கைநீட்டும் தூரத்தில் அல்ல, அறையின் மறுகோடியில் ஒட்டிப் பாருங்கள்.

வண்ணம் இல்லாமல் வண்ணத்தைச் சொல்ல ஹெரால்ட்ரியில் பழைய வழி ஒன்றும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற ஏசுசபைப் பாதிரியாரின் பெயரால் பரவிய கோட்டு முறை: செங்குத்துக் கோடுகள் என்றால் சிவப்பு, படுக்கைக் கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, குறுக்கும் நெடுக்குமான கோடுகள் கறுப்பு. உலோக பேட்ஜிலும் கல்வெட்டிலும் இதைப் பார்க்கலாம். தெரியாமல் ‘அழகுக்காக’ உலோக பேட்ஜில் செங்குத்துக் கோடு போட்டால், விஷயம் தெரிந்தவர் அதைச் சிவப்பு என்று படிப்பார்.

படைப்பிரிவின் எண்ணையும் பெயரையும் கேடயத்தில் எழுதலாமா?

எழுத்து வந்தால் அது லேபிள். அமெரிக்க விமானப்படையின் விதிகள் சின்னத்துக்குள் எழுத்து, எண் இரண்டையும் விலக்குகின்றன; பெயரும் வாசகமும் கீழே உள்ள நாடாச்சுருளுக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையில் எண் வெளி வளையத்தில் இருக்கும், உள்ளே உருவம் மட்டும்.

எண்ணை எழுதாமலே எண்ணைச் சொல்லலாம் என்பதுதான் இந்தக் கலையில் சுவாரசியமான இடம். அமெரிக்க டிவிஷன்களில் இதற்குக் கொண்டாட்டமான உதாரணங்கள் உண்டு. 4ஆவது டிவிஷனின் பேட்ச்சில் நான்கு ஐவி இலைகள்: ரோமன் எழுத்தில் நான்கு என்பது ‘ஐ’, ‘வி’, சேர்த்துச் சொன்னால் ஐவி. இலையும் நான்கு, பெயரும் நான்கு. 7ஆவது டிவிஷனுக்கு ஒரு மணற்கடிகாரம். உற்றுப் பார்த்தால் நேராக ஒரு ஏழும் தலைகீழாக ஒரு ஏழும் சேர்ந்து அந்த உருவம் ஆகியிருப்பது தெரியும். 10ஆவது மலை டிவிஷனில் குறுக்கே வைத்த இரண்டு கத்திகள் ரோமன் பத்து. 9ஆவது டிவிஷனுடையது எல்லாவற்றையும்விட நுட்பமானது: எட்டிதழ் மலர். எட்டு ஏன் என்று குழம்ப வேண்டாம். ஆங்கிலேய ஹெரால்ட்ரியில் மகன்களின் வரிசையைக் காட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. எட்டிதழ் மலர் ஒன்பதாவது மகனுக்கு உரியது. இதை யோசித்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

‘82ஆவது டிவிஷன் இரண்டு ‘ஏ’ எழுத்தைப் போட்டிருக்கிறதே, 1ஆவது டிவிஷன் பெரிய சிவப்பு ‘1’ போட்டிருக்கிறதே’ என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறார்கள்தான். அவை முதல் உலகப்போர்க் காலத்தில், விதிகள் இறுகும் முன்பே வந்தவை. அதோடு, ஒரே ஓர் எழுத்தோ எண்ணோ பெரிதாக நின்றால் அதுவே ஓர் உருவமாகிவிடும். வட்டத்தைச் சுற்றி முப்பது எழுத்தில் பெயர் எழுதுவது அந்தக் கணக்கில் வராது.

நாங்கள் ஓட்டும் விமானத்தையே வரைந்தால் என்ன?

விமானம் ஓய்வு பெறும், ஸ்குவாட்ரன் இருக்கும். இந்திய விமானப்படையில் மிக்-21 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 45ஆவது ஸ்குவாட்ரனின் பெயர் ‘பறக்கும் குத்துவாள்கள்’. மிக்-21 ஓட்டிய காலத்திலும் அதே பெயர், 2016இல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி எழுந்தபோதும் அதே பெயர், சூலூருக்கு வந்தபோதும் அதே பெயர். குத்துவாளுக்கு மாடல் எண் கிடையாது. தஞ்சாவூரில் சுகோய் ஓட்டும் 222ஆவது ஸ்குவாட்ரன் ‘புலிச்சுறா’. அந்தச் சுறாவுக்கும் ஓய்வு வயது இல்லை.

வரைபடங்களுக்கும் இது பொருந்தும். படைப்பிரிவு இடம் மாறும், எல்லைக்கோடும் சில சமயம் மாறும். ஒரு சின்ன பேட்ச்சில் எல்லைக்கோடு துல்லியமாக வராது. தவறாக வந்தால் அரசியல் தலைவலி.

மண்டை ஓடு, பேய், காலன் எல்லாம் வைக்கலாமா? பையன்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

பிடிக்கும், தெரியும். 2018இல் ஆஸ்திரேலியத் தரைப்படைத் தளபதி ஆங்கஸ் கேம்ப்பெல் மரணத்தைக் கொண்டாடும் சின்னங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். காமிக்ஸ் பாத்திரங்களின் மண்டை ஓடு முதல் அரிவாள் ஏந்திய காலன் வரை அதில் அடக்கம். சிப்பாய்களிடையே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து: கொல்வதற்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை விளையாட்டாகக் காட்டும் சின்னம், அந்தப் படையைப் பற்றி வெளியாட்களிடம் தவறாகப் பேசும்.

பிரிட்டனின் 17ஆவது லான்சர்ஸ் என்ற ஈட்டிக் குதிரைப்படை மண்டை ஓட்டைக் கொண்டிருந்ததே என்றால், அது வேறு. 1759இல் கியூபெக்கில் இறந்த ஜெனரல் வுல்ஃபின் நினைவாக, அவருக்குக் கீழ் பணியாற்றிய ஜான் ஹேல் எழுப்பிய படை அது. மண்டை ஓட்டுக்குக் கீழே ‘அல்லது புகழ்’ என்று எழுதியிருக்கும். மரணம் அல்லது புகழ் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். மரணம் அங்கே தன்னுடையது, எதிரியுடையது இல்லை.

வெளியாள் எப்படிப் பார்ப்பான் என்று யோசிக்காததற்கு இன்னொரு பெயர்பெற்ற உதாரணம்: அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் நிறுவனம் 2013 டிசம்பரில் ஏவிய ஒரு ராக்கெட்டின் பேட்ச்சில், பூமி உருண்டையைக் கைகளால் வளைத்துப் பிடித்த ஒரு ராட்சத ஆக்டோபஸ். கீழே, ‘எங்கள் கைக்கு எட்டாதது எதுவுமில்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம். அமெரிக்க அரசு உலகெங்கும் ஒட்டுக்கேட்பதை அம்பலப்படுத்திய ஸ்நோடன் ஆவணங்கள் வெளிவந்து சில மாதமே ஆகியிருந்த நேரம். உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு ஜோக். உலகத்துக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

ஸ்வஸ்திகா நமக்கு மங்கலச் சின்னம்தானே?

நமக்கு ஆமாம். அமெரிக்காவின் 45ஆவது டிவிஷனுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஓக்லஹோமா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலக் காவல் படையினர் சேர்ந்த டிவிஷன் அது. அந்தப் பகுதி ஆதிகுடிகளின் நல்லதிர்ஷ்டக் குறியாக மஞ்சள் ஸ்வஸ்திகாவைச் சிவப்புச் சதுரத்தில் வைத்திருந்தார்கள். நாஜிகள் வந்தார்கள், 1939இல் அதை எடுத்துவிட்டு அதே ஆதிகுடி மரபிலிருந்து இடிப்பறவையை வைத்தார்கள். சிவப்புச் சதுரமும் மஞ்சள் நிறமும் அப்படியே இருந்தன. மாற்ற வேண்டி வந்தால் எப்படி மாற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: பிரச்சினையான உருவத்தை மட்டும் எடு, மரபைத் தொடாதே.

பின்லாந்து விமானப்படை 1918 முதல் 1945 வரை விமானங்களில் நீல ஸ்வஸ்திகா போட்டிருந்தது. ஒரு ஸ்வீடன் பிரபு பரிசளித்த விமானத்தில் இருந்த அவருடைய சொந்த அதிர்ஷ்டக் குறி அது, நாஜிகளுக்கு முந்தையது. விமானப்படைத் தலைமையகத்தின் சின்னத்தில் அது 2017 வரை இருந்து, சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. வரலாற்றுக் காரணம் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் விளக்கம் கொடுக்க வேண்டிய சின்னம், சின்னத்தின் வேலையைச் செய்வதில்லை.

கிரீடமோ அசோகச் சிங்கமோ மேலே வைத்தால் கம்பீரமாக இருக்குமே?

அவை அலங்காரம் இல்லை, அதிகாரத்தின் அடையாளம். இந்தியப் படைச் சின்னங்களில் 1950 வரை பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது; குடியரசு ஆனபின் அந்த இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன. பிரிட்டனில் கிரீடத்தின் வடிவமே யார் ஆட்சி என்று சொல்லும்: எலிசபெத் காலத்துப் பேட்ஜ்களில் ஒரு வடிவக் கிரீடம், 2022க்குப் பின் சார்லஸ் தேர்ந்தெடுத்த டியூடர் கிரீடம். பழைய சினிமா சீருடைகளில் மன்னர் காலக் கதைக்கு ராணி கிரீடம் வருவதைச் சேகரிப்பாளர்கள் பிடித்து மானத்தை வாங்குவார்கள்.

இந்தியாவில் அரசுச் சின்னத்தை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிளப், முன்னாள் படைவீரர் சங்கம், தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவை தாமாக எடுத்துவைத்துக்கொள்ள முடியாது.

மொத்தச் சின்னத்தையும் ‘கிரெஸ்ட்’ என்று சொல்லலாமா?

பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள், விட்டுவிடலாம். ஆனால் வடிவமைப்பு ஆவணத்தில் கிரெஸ்ட் என்றால் தலைக்கவசத்தின் மேல் நிற்கும் உருவம் மட்டும். அமெரிக்கத் தரைப்படையில் இதில் தகவலும் இருக்கிறது: தேசியக் காவல் படைப் பிரிவுகளுக்கு அவரவர் மாநிலத்தின் கிரெஸ்ட், ரிசர்வ் பிரிவுகளுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய லெக்சிங்டனின் துப்பாக்கி ஏந்திய விவசாயி வீரன். அந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்த கழுகை வைக்க முடியாது.

இடப்பக்கச் சாய்ந்த பட்டை ‘முறைகேடாகப் பிறந்தவன்’ என்று பொருளா?

நாவல்கள் பரப்பிய பாதி உண்மை. சினிஸ்டர் சாய்வுப் பட்டை தன்னளவில் ஒரு சாதாரண வடிவம். அதன் குட்டையான, முனை வெட்டப்பட்ட வகையைச் சில காலம் சில நாடுகளில் அப்படிப் பயன்படுத்தினார்கள். இருந்தாலும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாய்வுப் பட்டை வேண்டுமென்றால், பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறக்கிவிடுங்கள். அமெரிக்க 1ஆவது குதிரைப்படை டிவிஷனின் மஞ்சள் கேடயத்தில் கறுப்புப் பட்டை அப்படித்தான் இறங்குகிறது.

வட்டமா, கேடயமா?

யாருடைய படை என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விமானப்படையில் ஸ்குவாட்ரனுக்கு வட்டம், குரூப்புக்கும் அதற்கு மேலுள்ள அமைப்புகளுக்கும் கேடயம். அங்கே ஒரு ஸ்குவாட்ரன் கேடயம் போட்டால் பதவி உயர்வு எடுத்துக்கொண்ட மாதிரி.

கார்ட்டூன் பாத்திரங்கள்?

இரண்டாம் உலகப்போரில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ படைப்பிரிவுகளுக்காகக் கட்டணம் வாங்காமல் சுமார் 1,200 சின்னங்கள் வரைந்து கொடுத்தது. அதிகம் கேட்கப்பட்டவர் டொனால்ட் டக். சீனாவில் சண்டையிட்ட ‘பறக்கும் புலிகள்’ படையின், வி எழுத்து வழியே பாயும் சிறகுப் புலியும் அவர்கள் வரைந்ததுதான். உரிமையாளரே வரைந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. இன்று இணையத்தில் எடுத்து ஒட்டினால் பதிப்புரிமைப் பிரச்சினை. தவிர, பாத்திரத்தின் புகழ் இறங்கும்போது சின்னமும் இறங்கும்.

வாசகத்தை எந்த மொழியில் வைப்பது?

உங்களில் யாருக்காவது நன்றாகத் தெரிந்த மொழியில். லத்தீனில் இருந்தால் கம்பீரம் என்று நினைத்து இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்துப் போடுகிறார்கள். வினை விகுதி மாறி ‘நாங்கள் வெல்கிறோம்’ என்பது ‘நாங்கள் வெல்லப்படுகிறோம்’ ஆகும் வாய்ப்பு உண்டு. இந்தியப் படைகள் பெரும்பாலும் மூல நூலிலிருந்து அப்படியே எடுப்பதால் இந்த ஆபத்து குறைவு. விமானப்படையின் ‘நபஃ ஸ்ப்ருசம் தீப்தம்’ கீதையின் 11ஆம் அத்தியாயத்திலிருந்து, கடற்படையின் ‘சம் நோ வருணஃ’ தைத்திரீய உபநிடதத்திலிருந்து.

தமிழில் வைத்தால் வேறொரு தொல்லை. எம்பிராய்டரி மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். வாசகத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். அடுத்தது புள்ளி. சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரே ஒரு தையல் குத்தாக வரும், இரண்டு சலவையில் காணாமல் போகும். ‘வெற்றி’ என்று தைத்தது ‘வெறறி’ என்று ஆகிவிடும். புள்ளியை அச்சில் இருப்பதைவிடப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், விகிதம் கெட்டாலும் பரவாயில்லை.

உற்சாகத்துக்காக வீரர்கள் தாங்களே செய்துகொள்ளும், அதிகாரபூர்வமில்லாத ‘மொரேல்’ பேட்ச்சுக்கும் இதெல்லாம் உண்டா?

யாரும் கேட்க மாட்டார்கள். ஜோக் அடியுங்கள். ஆனால் மேலே சொன்ன ஆக்டோபஸ் மாதிரி, படம் எடுத்து வெளியே போனால் அது ஜோக்காக இருக்காது. ராணுவத்தில் இல்லாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உண்மையான படைப்பிரிவின் பேட்ச்சைப் போட்டுக்கொண்டு, தான் படைவீரர் என்று பிறர் நம்பும்படி நடப்பது இந்தியாவில் குற்றம்.

தைக்கக் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பஞ்சிங் போடுபவரிடம், அதாவது படத்தை எம்பிராய்டரி இயந்திரத்துக்கான தையல் ஃபைலாக மாற்றுபவரிடம், முதலில் அளவைச் சொல்லுங்கள். மூன்று அங்குலப் பேட்ச்சில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்து படிக்கும்படி வராது. ஒரு மில்லிமீட்டருக்கு மெலிந்த கோடு நூலுக்குள் மறைந்துவிடும். நிறம் மெல்ல மெல்லக் கரைவது, நிழல், உலோகப் பளபளப்பு ஆகியவை நூலில் வராது. ஹெரால்ட்ரி தட்டையான நிறங்களை மட்டும் கேட்பதால் இதில் உங்களுக்கு லாபம்தான். நூல் நிறங்களைத் திரையில் தேர்ந்தெடுக்காமல் நூல் அட்டையில் பார்த்து, வெயிலில் கொண்டுபோயும் ஒருமுறை பாருங்கள். மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு மாதிரி தைக்கச் சொல்லி, சீருடைத் துணியின் மேலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். அதை முறைப்படி விவரிக்கும் இரண்டு வரி வர்ணனையையும் எழுதி ஃபைலில் வையுங்கள். பத்து வருடம் கழித்து அசல் ஃபைல் தொலைந்த பிறகு வரும் ஆளுக்கு அது மட்டும்தான் கிடைக்கும்.